ஐஸ்சாட்-2 உயரமும் ஜிபிஎஸ் உயரமும் 40 மீட்டர் வேறுபடுவது ஏன்?

கேள்வி: கிரீன்லாந்தின் உட்பகுதியில் பனிவண்டியில் ஜிபிஎஸ் வைத்து எடுத்த உயரத்தை ஏடிஎல்06 தரவோடு (நாசாவின் ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள் லேசரால் அளந்த பனிப்பரப்பு உயரம்) ஒப்பிட்டால் சுமார் 40 மீட்டர் இடிக்கிறது. எங்கே பிழை?

பதில் 1: ஏடிஎல்06 தருவது டபிள்யூஜிஎஸ்84 நீள்வட்டகத்துக்கு (பூமியின் வடிவத்துக்கான வழவழப்பான கணித மாதிரி) மேலான உயரம். உங்கள் ஜிபிஎஸ் மென்பொருள் ஜியாய்டை, அதாவது நீள்வட்டகத்துக்கு மேல் சராசரிக் கடல்மட்டப் பரப்பின் உயரத்தை, கழித்து, கடல்மட்ட உயரமாகக் கொடுத்திருக்கும். அதை நிறுத்திவிட்டு, ஐஜிஎஸ் (சர்வதேச ஜிஎன்எஸ்எஸ் சேவை) தரும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் இறுதிச் சுற்றுப்பாதைக் கோப்புகளோடு பிபிபி முறையில் (ஒற்றைக் கருவியின் இடத்தைத் துல்லியமாகக் கணக்கிடும் முறை) மறுபடி கணக்கிடுங்கள். இறுதிக் கோப்பு வர இரண்டு வாரம் போல ஆகும், அவசரப்பட வேண்டாம்.

பதில் 2: அது சரியான பிறகும் சில டெசிமீட்டர் மிஞ்சினால் ஆன்டெனா உயரத்தைப் பாருங்கள். இளம்பனியில் வண்டி அமிழும். வண்டித் தளத்திலிருந்து அளந்தது போதாது, தடம் படாத பனிப்பரப்பிலிருந்து அளக்க வேண்டும். ஏடிஎல்06 தரவில் தரக்குறி 0 (நல்ல தரம்) உள்ள துண்டுகளை மட்டும் எடுங்கள். ஒவ்வொரு துண்டும் 40 மீட்டர் நீளம், 20 மீட்டருக்கு ஒன்று. மெல்லிய மேகமோ பறக்கும் பனித்தூளோ இருந்தால் லேசரின் ஒளித்துகள் சிதறித் தாமதமாகத் திரும்பும்; பரப்பு தாழ்ந்ததாகத் தெரியும்.

பதில் 3: ஐரோப்பாவின் ரேடார் செயற்கைக்கோளான கிரையோசாட்-2இன் உயரத்தையும் சேர்க்கப் போகிறீர்களா? அதன் ரேடார் உலர்பனிக்குள் ஊடுருவும். 2012 ஜூலை உருகலில் உறைந்த பனிக்கட்டி அடுக்கு ரேடாரை மேலேயே திருப்பி அனுப்பியதால், உயரம் அரை மீட்டர் கூடியதுபோலப் பதிவானது. ரேடார் உயரத்தையும் லேசர் உயரத்தையும் நேரடியாகக் கழித்துவிடாதீர்கள்.