சிஎஃப்ஏ பிராங்க்: கையிருப்பைத் திருப்பிக் கொடுத்த பிறகும் என்ன சண்டை?

கணக்குப்பிள்ளை:
ஏகாதிபத்திய எதிர்ப்பு என்று எந்தத் திரியைத் திறந்தாலும் மூன்றாவது பதிவிலேயே சிஎஃப்ஏ பிராங்க் வந்து நிற்கிறது. அதற்கென்றே ஒரு திரி இருக்கட்டும்.

தெரியாதவர்களுக்காக: 14 ஆப்பிரிக்க நாடுகளின் நாணயம் இது. மேற்கில் எட்டு (செனகல், ஐவரி கோஸ்ட், மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர், பெனின், டோகோ, கினி-பிசாவ்). நடு ஆப்பிரிக்காவில் ஆறு (கேமரூன், காபோன், சாட், காங்கோ குடியரசு, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, ஈக்வடோரியல் கினி). ஒரு யூரோவுக்கு 655.957 பிராங்க்; 1999 முதல் இந்த எண் அசையவில்லை.

வெளிநாட்டுச் செலாவணிக் கையிருப்பில் பாதியைப் பிரெஞ்சுக் கருவூலத்தில் வைக்க வேண்டும் என்ற விதிதான் இத்தனை நாளும் பெரிய குற்றச்சாட்டு. 2019 டிசம்பர் 21 அன்று ஐவரி கோஸ்டின் அபிஜான் நகரில் பிரெஞ்சு அதிபர் மக்ரோனும் ஐவரி கோஸ்ட் அதிபர் வட்டாராவும் அதை நீக்குவதாக அறிவித்தார்கள். 2021இல் சுமார் 500 கோடி யூரோ மேற்கின் எட்டு நாடுகளுக்கும் பொதுவாகச் செனகல் தலைநகர் டக்காரில் உள்ள மத்திய வங்கிக்குத் திரும்பியது. அந்த வங்கியின் குழுக்களில் உட்கார்ந்திருந்த பிரெஞ்சுப் பிரதிநிதிகளும் எழுந்து போயாயிற்று. இன்னும் இதைக் காலனிய நாணயம் என்று சொல்ல என்ன மிச்சம் இருக்கிறது?

செங்கதிர்:
என்ன மிச்சமா? ஆண்டுக்கு 50,000 கோடி டாலர் ஆப்பிரிக்காவிலிருந்து பிரான்ஸுக்குப் போகிறது, காலனிய வரி என்று. நோட்டையே பிரான்ஸில் ஷமாலியேர் என்ற ஊரில்தான் அச்சடிக்கிறார்கள். இத்தாலியின் துணைப் பிரதமர் டி மாயோவே 2019 ஜனவரியில் இதைப் போட்டு உடைத்தாரே. பிரெஞ்சு அரசு தன் கடனைக் கட்டுவது ஆப்பிரிக்கப் பணத்தில் என்றாரே.

கணக்குப்பிள்ளை:
அந்த 50,000 கோடி டாலர் என்பது 14 நாடுகளின் ஓராண்டு மொத்த உற்பத்தியைவிட அதிகம். விளைந்தது முழுவதையும் கொடுத்துவிட்டு மேற்கொண்டு கடன் வாங்கியும் கொடுக்கிறார்களா? காலனிய வரி எந்த ஒப்பந்தத்தில், எந்தப் பிரிவில் இருக்கிறது என்று காட்டுங்கள், பேசலாம்.

கருவூலத்தில் கிடந்த பணத்துக்குக் குறைந்தபட்சம் 0.75 விழுக்காடு வட்டி உண்டு. 2014க்குப் பிறகு ஐரோப்பிய மத்திய வங்கி டெபாசிட்டுக்கு வட்டி கொடுக்காமல் உல்டாவாக வசூலித்துக்கொண்டிருந்த ஆண்டுகளிலும் இது கிடைத்தது. அந்த ஆண்டுகளில் பிரான்ஸுக்குத்தான் கைநஷ்டம். டி மாயோவுக்கு அப்போது மக்ரோனோடு வேறு தகராறு இருந்தது, அவரைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

தென்திசை:
செங்கதிர் தோழர், அந்த எண்ணை விட்டுவிடுவோம். அதைப் பிடித்துக்கொண்டு வாதாடினால் கணக்குப்பிள்ளைக்கு வேலை மிச்சம், அவ்வளவுதான் பலன்.

டெபாசிட் இந்த ஏற்பாட்டின் முகப்பு மட்டுமே. தொடக்கத்தில் நூற்றுக்கு நூறு, 1973க்குப் பிறகு 65, இரண்டாயிரங்களின் நடுவில் 50, இப்போது மேற்கில் பூஜ்யம். (நடு ஆப்பிரிக்க ஆறு நாடுகளுக்கு 2019 சீர்திருத்தம் பொருந்தாது. அதைச் சொல்லாமல் தாண்டிவிட்டீர்கள், கணக்கு சார்.) முகப்பு மாறிக்கொண்டே வந்தது, பின்னால் மூன்று விஷயங்கள் அப்படியே நிற்கின்றன. யூரோவோடு கட்டிய விகிதம். கையிருப்பு தீர்ந்தால் பிரெஞ்சுக் கருவூலம் யூரோ தரும் என்ற உத்தரவாதம். பணம் தடையின்றிப் பிரான்ஸுக்குப் போய்வரலாம் என்ற விதி.

விகிதத்தையும் பூட்டி, கதவையும் திறந்து வைத்தால் வட்டியைச் சொந்தமாக நிர்ணயிக்க முடியாது. ஃபிராங்ஃபர்ட்டில் உள்ள ஐரோப்பிய மத்திய வங்கி ஏற்றினால் டக்காரும் ஏற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் பணம் அங்கே ஓடிவிடும். 2022 ஜூனில் 2 விழுக்காட்டிலிருந்து ஏற ஆரம்பித்து 2023 முடிவில் 3.5க்கு வந்தது அப்படித்தான். ஃபிராங்ஃபர்ட்டில் இருப்பவர்கள் ஜெர்மானிய விலைவாசியைப் பார்ப்பார்களா, நைஜரின் தினைக் கொல்லையைப் பார்ப்பார்களா?

இன்னொன்று, மத்திய வங்கியின் கையிருப்பு அதன் உடனடிப் பொறுப்புகளில் (கேட்டவுடன் கொடுக்க வேண்டிய தொகையில்) 20 விழுக்காட்டுக்குக் கீழே மூன்று மாதம் இருந்தால் கடனை இறுக்க வேண்டும். புதிய ஒப்பந்தப்படி, அப்படியொரு நெருக்கடி வந்தால் பிரான்ஸ் தன் பிரதிநிதியை நாணயக் கொள்கைக் குழுவுக்கு மறுபடி அனுப்பலாம். சாதாரண நாளிலும் அந்தக் குழுவில் ஒரு ‘சுயேச்சை’ உறுப்பினர் உண்டு, பிரான்ஸைக் கலந்துகொண்டு நியமிக்கப்படுபவர். எழுந்து போனவர்கள் நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
உத்தரவாதம் கொடுப்பவர் கணக்கைப் பார்க்கக் கேட்பது உலக வழக்கம். ஜாமீன் கையெழுத்துப் போடுகிறவர் கடன்காரரின் வரவுசெலவைக் கேட்டால் அதற்குப் பெயர் ஏகாதிபத்தியமா?

பலனையும் பாருங்கள். 2022 டிசம்பரில் கானாவில் பணவீக்கம் 54 விழுக்காடு. அதே மாதம் வெளிக்கடனைக் கட்டாமல் நிறுத்தினார்கள். அடுத்த மே மாதம் 300 கோடி டாலருக்கு ஐஎம்எஃப் வாசலில் பதினேழாவது தடவையாக நின்றார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் ஐவரி கோஸ்டில் அந்த ஆண்டுப் பணவீக்கம் 5 விழுக்காட்டை ஒட்டித்தான். நைஜீரியாவில் 2023 ஜூனுக்கு முன் ஒரு டாலருக்கு 460 நைரா, ஒன்பது மாதத்தில் 1,500ஐத் தொட்டது. இரண்டும் சொந்த நாணயம், சொந்த மத்திய வங்கி, சொந்த நோட்டில் சொந்தத் தலைவர்களின் படம்.

பாமரன்:
இடையில் ஒரு சந்தேகம். விகிதம் யூரோவோடு கட்டியிருப்பதால் விவசாயிக்கு என்ன வந்தது? அவர் யூரோவையே பார்த்திருக்க மாட்டாரே.

தென்திசை:
பார்க்க வேண்டியதில்லை, பருத்தி விற்றால் போதும். மாலி, புர்கினா, பெனின் மூன்றுக்கும் பருத்தி பெரிய ஏற்றுமதி. உலகச் சந்தையில் அதன் விலை டாலரில். உள்ளூர்ச் செலவு பிராங்கில்.

2000 அக்டோபரில் ஒரு யூரோ 0.83 டாலர் வரை இறங்கியது. அப்போது ஒரு டாலர் = 655.957 ÷ 0.83, அதாவது 790 பிராங்க். 2008 ஜூலையில் யூரோ 1.60 டாலரை நெருங்கியது; ஒரு டாலர் = 410 பிராங்க். ஒரு கிலோ பஞ்சு 1.50 டாலருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், விலையில் மாற்றமே இல்லை. முதல் கணக்கில் கிடைப்பது 1,185 பிராங்க், இரண்டாவதில் 615. பாதி போய்விட்டது. மழை பொய்க்கவில்லை, புழு விழவில்லை, வாங்குபவர் விலையைக் குறைக்கவும் இல்லை. சொந்த நாணயம் வைத்திருக்கும் நாடு இந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மதிப்பை இறக்கி அடியைத் தாங்கும். இங்கே அந்தக் கைப்பிடியே கிடையாது. அடி பருத்தி நிறுவனத்தின் கணக்கில் விழும், அடுத்த விதைப்புக்கு முன் அறிவிக்கும் கொள்முதல் விலையில் அது விவசாயி தலையில் இறங்கும்.

கணக்குப்பிள்ளை:
பாதிக் கணக்கு இது. அதே 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலர். அரிசியும் அந்த ஆண்டு எகிறியிருந்தது. ஒரு டாலர் 410 பிராங்க் என்பதால்தான் டக்காரில் அரிசியும் டீசலும் அந்த அளவிலாவது நின்றன. 790 ஆக இருந்திருந்தால்? உரம், பூச்சிமருந்து எல்லாமே வெளியிலிருந்துதான் வருகிறது. அதை உங்கள் பருத்தி விவசாயியும் வாங்குகிறார்.

பருத்தி விலை அடிமட்டத்தில் கிடந்ததற்கு முதல் காரணம் அமெரிக்கா தன் விவசாயிகளுக்குக் கொடுத்த மானியம். பெனின், புர்கினா, சாட், மாலி நான்கும் 2003இல் உலக வணிக அமைப்பில் அதைத்தானே எழுப்பின? அங்கே பிராங்கைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

தென்திசை:
அங்கே பேச வேண்டியது மானியம், அதைப் பேசினார்கள். முடிவு என்ன ஆனது என்பதையும் சொல்லுங்கள். பிரேசில் முறையாக வழக்குப் போட்டு வென்றது. அமெரிக்கா மானியத்தை வெட்டுவதற்குப் பதில் பிரேசில் பருத்திக்காரர்களுக்கு 2010 முதல் ஆண்டுக்கு 14.73 கோடி டாலர் என்று ஒத்துக்கொண்டு, 2014இல் 30 கோடி கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. பதில்வரி போட்டுக் கடிக்கும் பலம் பிரேசிலுக்கு இருந்தது. அந்த நான்கு நாடுகளுக்கு இல்லை, ஆகவே நஷ்டஈட்டிலும் பங்கில்லை.

அரிசி விஷயம் சரி. அதனால்தான் நான் இதை ‘பிரான்ஸ் எதிர் ஆப்பிரிக்கா’ என்று எழுதுவதில்லை. கனத்த பிராங்க் யாருக்கு இனிக்கிறது? வெளிச் சரக்கை இறக்கி விற்பவருக்கு, நகரத்துச் சம்பளக்காரருக்கு, பாரிஸில் அடுக்ககம் வாங்கும் அமைச்சருக்கு, லாபத்தை மாற்று விகித பயமில்லாமல் வீட்டுக்கு அனுப்பும் கம்பெனிக்கு. உள்ளூரில் உற்பத்தி செய்பவருக்குக் கசக்கிறது. இந்தக் கூட்டணி உடையாதவரை பாரிஸ் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தாலே போதும்.

செங்கதிர்:
1994ஐ யாரும் சொல்லவில்லையே. 50 பிராங்குக்கு ஒரு பிரெஞ்சு பிராங்க் என்று 1948இலிருந்து அசையாமல் இருந்ததை ஜனவரி 11 இரவு டக்காரில் 100 ஆக்கினார்கள். ஐஎம்எஃப் தலைவர் காம்டெசு அறையில் இருந்தார், பிரெஞ்சு அமைச்சரும் இருந்தார். மறுநாள் வெளியிலிருந்து வரும் மருந்துக்கு உள்ளூர் நோட்டில் இரட்டை விலை. ஐஎம்எஃபோடு உடன்பாடு இல்லாத நாட்டுக்குப் பிரெஞ்சு உதவி இல்லை என்று அதற்கு நான்கு மாதம் முன்பே பிரதமர் பலாதூர் கறாராகச் சொல்லியிருந்தார். ஐவரி கோஸ்ட் அதிபர் ஊஃபுவே புவான்யி 1993 டிசம்பர் 7 அன்று செத்தார். ஐந்தே வாரம்தான் பொறுத்தார்கள். இவ்வளவுதானா உத்தரவாதம்?

கணக்குப்பிள்ளை:
தேதி எல்லாம் சரி, ஆனால் இது உங்கள் பக்கத்து வாதத்தையே வெட்டுகிறதே! தென்திசை மதிப்பை இறக்க முடியாதது கொடுமை என்கிறார், நீங்கள் இறக்கியது கொடுமை என்கிறீர்கள்.

தென்திசை:
முரண் இல்லை. எட்டு ஆண்டில் சிறிது சிறிதாக இறங்க வேண்டியதை இழுத்துப் பிடித்து ஒரே இரவில் பாதியாக்கியதுதான் புகார். அதிலும் தனி பிராங்கைப் பிரெஞ்சு பிராங்கோடு கட்டியிருந்த கொமொரோஸுக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு போதும் என்று விட்டார்கள். எண்ணெய் விற்கும் காபோனுக்கும் தண்ணீருக்கே திண்டாடும் நைஜருக்கும் ஒரே அளவு. ஒரே நாணயத்தில் அப்போதிருந்த 13 பொருளாதாரங்களைக் கட்டினால் இப்படித்தான் அடி விழும்.

கடிவாளம் யார் கையில் என்பதற்குப் பக்கத்துக் காலத்து உதாரணம் மாலி. 2022 ஜனவரி 9 அன்று இகோவாஸ் என்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு தடை போட்டதும் மத்திய வங்கியில் மாலி அரசின் கணக்கு முடங்கியது. பணம் இருந்தது, எடுக்க முடியவில்லை. வட்டாரக் கடன் சந்தையில் தவணை தவறியவர் பட்டியலில் பெயர் ஏறியது. மார்ச் 24 அன்று மேற்கின் எட்டு நாடுகளும் சேர்ந்த நாணய ஒன்றியத்தின் சொந்த நீதிமன்றமே தடையை நிறுத்திவைத்தது. யாரும் மதிக்கவில்லை. ஜூலையில்தான் தளர்த்தினார்கள். 2023 ஜூலை ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு நைஜருக்கும் அதே மருந்து. அந்த ஆண்டு பட்ஜெட்டை 40 விழுக்காடு வெட்ட வேண்டியதாயிற்று.

கணக்குப்பிள்ளை:
தடை போட்டவர்கள் ஆப்பிரிக்க அதிபர்கள். பிரெஞ்சு அதிபரின் எலிசே மாளிகையில் எடுத்த முடிவு அல்ல.

தென்திசை:
எடுத்தவர்கள் அவர்கள், கைதட்டியது பாரிஸ். ஆனால் என் வாதத்துக்கு அதுகூடத் தேவையில்லை. அரசின் கல்லாப்பெட்டிச் சாவி நாட்டுக்கு வெளியே இருக்கிறது என்பதுதான் விஷயம்.

பாமரன்:
அப்படியென்றால் மாலி, புர்கினா, நைஜர் மூன்றும் 2023இல் தனிக் கூட்டணி அமைத்து, 2025 ஜனவரியில் இகோவாஸை விட்டே போய்விட்டன. நோட்டை மட்டும் ஏன் விடவில்லை? சத்தம் மட்டும்தானா?

கணக்குப்பிள்ளை:
போனவர்களுக்கு என்ன ஆனது என்று அவர்களுக்குத் தெரியும். மாலி 1962 ஜூலையில் வெளியேறிச் சொந்த பிராங்க் வெளியிட்டது. அண்டை நாட்டில் யாரும் வாங்கவில்லை. வணிகர்கள் அதே மாதம் தலைநகர் பமாகோ தெருவில் இறங்கினார்கள். 1967இல் மதிப்பைப் பாதியாக்கிப் பிரான்ஸோடு உடன்பாடு, 1984இல் இரண்டு மாலி பிராங்குக்கு ஒன்று என்று மறுபடி உள்ளே.

செங்கதிர்:
கினி? பிரான்ஸோடு ஒரே சமூகமாக இருப்பதா என்ற 1958 செப்டம்பர் வாக்கெடுப்பில் ‘வேண்டாம்’ என்று சொன்ன ஒரே நாடு. 1960இல் சொந்த நோட்டு அடித்ததும் பிரெஞ்சு உளவுத்துறை கள்ளநோட்டை உள்ளே கொட்டியது. போனவர்களைப் போகவிட்டால்தானே பிழைப்பார்கள்.

தென்திசை:
மௌரித்தேனியாவை இருவரும் விட்டுவிட்டீர்கள். 1973இல் ஒரு ஊகியாவுக்கு ஐந்து பிராங்க் என்று மாற்றிக்கொண்டு போனது, இன்றும் சொந்த நாணயம்தான். வெளியே அரபு நாடுகளின் தோள் இருந்தது.

பாமரன் கேட்டதற்கு: நோட்டை எடுத்துப் பாருங்கள், மேற்குப் பகுதி நோட்டின் வரிசை எண்ணோடு ஓர் எழுத்து இருக்கும். ஏ ஐவரி கோஸ்ட், பி பெனின், சி புர்கினா, டி (D) மாலி, எச் நைஜர், கே செனகல், எஸ் கினி-பிசாவ், டீ (T) டோகோ. வெளியேறும் நாடு தன் எழுத்துள்ள நோட்டுக்குப் பொறுப்பேற்று, அந்த அளவுக்குப் பொதுக் கையிருப்பில் பங்கு கேட்கலாம். சொல்ல எளிது. மாலியின் எழுத்துள்ள நோட்டு அபிஜான் சந்தையில் கிடக்கும், செனகல் நோட்டு மாலியின் கையேஸில் கிடக்கும். மாலியின் எல்லைக்குள் இருப்பதை மட்டும் மாற்றித் தந்தால் வெளியில் கிடப்பது யார் தலையில்?

அதோடு, புது நோட்டு அச்சாகி வர மாதக்கணக்கில் ஆகும். செய்தி கசிந்த அன்றே, கதவு திறந்திருப்பதால், பணம் அபிஜானுக்குப் போய்விடும். ஆகவே முதலில் கதவை மூட வேண்டும், அதாவது வெளியேறும் முன்பே ஒன்றிய விதியை மீற வேண்டும். அப்போது மத்திய வங்கி கணக்கை முடக்கும். மாலி 2022இல் பார்த்ததுதான். தங்க ஏற்றுமதி டாலரை டக்காருக்கு அனுப்பாமல் தனியே சேர்த்து வைப்பதுதான் இதற்கு வழி. குறைந்தது சில மாத இறக்குமதிக்காவது தேறும்வரை தேதியைச் சொல்லக் கூடாது.

கணக்குப்பிள்ளை:
கடன் பத்திரத்தை மறந்துவிட்டீர்கள். மாலியின் கருவூலப் பத்திரங்களில் கணிசமானதை வைத்திருப்பவை அபிஜான், டக்கார், டோகோவின் லோமே ஆகிய ஊர்களின் வங்கிகள். மாலி அதைப் புது நாணயத்தில் அடைத்தால் அந்த வங்கிகளின் மூலதனத்தில் ஓட்டை விழும். பிராங்கிலேயே அடைப்பதாக ஒத்துக்கொண்டால், புது நாணயம் சரியச் சரிய மாலியின் கடன் வீங்கும். இரண்டில் எது?

தென்திசை:
பழைய பத்திரம் முதிரும்வரை பிராங்கில், புதியதெல்லாம் புது நாணயத்தில். அதிகமும் குறுகிய காலப் பத்திரங்கள் என்பதால் வீக்கம் ஓரளவோடு நிற்கும். ஆனால் அந்த இடைக்காலத்தில் அந்த வங்கிகள் மாலிக்குப் புதுக்கடன் தராது. அந்த ஓட்டையை உள்நாட்டு வரியாலோ தங்கத்தாலோ அடைக்க முடியுமா என்று பமாகோவில் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்கள். இன்னும் பழைய நோட்டே ஓடுகிறது என்றால் விடை தேறவில்லை என்றுதான் அர்த்தம்.