புதுப்பிப்பு: இரவு லோரி ஓட்டமும் குட்டித் தூக்கமும்

மலேசியாவில் பட்டர்வொர்த்திலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்கு இரவில் லோரி ஓட்டும் அண்ணன்மார்கள், கண் சொருகினால் ஓய்வுப் பகுதியில் 20 நிமிடம் தூங்கவேண்டும் என்று முன்பு எழுதியிருந்தேன். "எழுந்தால் தலை இன்னும் கனக்கிறது" என்று சிலர் கேட்டிருந்தார்கள்.

பெரும்பாலும் தூக்கம் நீண்டுவிடுவதுதான் காரணம். அரை மணியைத் தாண்டினால் உடல் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடும். பாதியில் எழுந்தால் மந்தம் விடாது. கோப்பி-ஓவை (பால் சேர்க்காத கோப்பி) முதலில் குடித்துவிட்டு, அலாரம் வைத்துப் படுங்கள். கஃபீன் ஏறச் சுமார் அரை மணி ஆகும், அதனால் எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். எழுந்ததும் ஸ்டீயரிங்கைப் பிடிக்காதீர்கள். முகம் கழுவி, கால்மணி நேரம் நடந்துவிட்டுக் கிளம்புங்கள்.

எந்த ஓய்வுப் பகுதியில் நிறுத்துவது, சுங்கை பேராக்கா, தாப்பாவா என்பதைப் புறப்படும்போதே முடிவு செய்வது நல்லது. அதிகாலை 2 முதல் 6 வரை உடலே தூக்கம் கேட்கும்; அப்போது எடுக்கும் முடிவை நம்ப முடியாது. காலை 8 மணிக்கு வீட்டில் படுப்பவருக்கு அதிகாலை 2 மணிக் கோப்பியே கடைசி. அதற்குமேல் குடித்தால் பகல் தூக்கம் கெடும்.

இஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை மூடிக்கொண்டு தூங்கவே வேண்டாம். புகை உள்ளே கசிந்தால் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும், வாசனைகூடத் தெரியாது.

சளிக்குக் குளோர்பெனிரமின் மாத்திரை போட்டால் அன்று ஓட்டாதீர்கள்; அது தூக்கம் வரவைக்கும்.

பலத்த குறட்டை, காலையில் தலைவலி, 17 அங்குலத்துக்கு மேல் கழுத்துச் சுற்றளவு: இவை சேர்ந்திருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று கிளினிக்கில் கேளுங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு, குட்டித் தூக்கத்தால் அது தீராது.