பாட்டி பெயரை மகளுக்கு வைத்தவர்கள் மும்பையில் யாராவது இருக்கிறீர்களா?

செம்பூரில் இருக்கிறோம். மகளுக்கு 10 மாதம் ஆகிறது, பிறப்புச் சான்றிதழில் பெயர் இடம் இன்னும் காலி. 12 மாதத்துக்குள் சேர்த்தால் கட்டணம் இல்லை, அதற்குப் பிறகும் 15 வயது வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம் என்பதால் அது பெரிய கவலை இல்லை, வீட்டுச் சண்டைதான் பெரிசு.

எனக்கு என் பாட்டியின் பெயர்தான் வேண்டும். அலமேலு. அலர்மேல்மங்கை தேய்ந்து தேய்ந்து வந்த பெயர், தாமரை மேல் இருப்பவள். பேத்தி என்பதே பெயர்த்திதானே! ஆனால் அம்மா, "நாங்களே பழசுன்னு விட்டதை நீ ஏண்டி தூக்கிட்டு வர்ற?" என்கிறாள். அவள் காலத்தில் தெருவுக்கு நாலு லதா, சுமதி; என் வகுப்பில் மூன்று பிரியா, இரண்டு திவ்யா. இப்போது மீரா, தாரா எல்லாம் திரும்பி வரும்போது அலமேலு மட்டும் வரக்கூடாதா?

என் பயம் வேறு. இங்கே பிள்ளைகள் இதைச் சுருக்கி 'ஆலு' ஆக்கிவிடுவார்களே, உருளைக்கிழங்கு! யாழினி வைக்கலாமென்றால் ஆங்கில எழுத்தில் ழ படும் பாடு தெரிந்ததுதான்.

இப்படிப் பழைய பெயர் வைத்தவர்கள் சொல்லுங்கள், பள்ளியில் எப்படிக் கூப்பிடுகிறார்கள்? பிள்ளை உங்களைத் திட்டுகிறதா? வீட்டில் கூப்பிட நல்ல சுருக்கப் பெயர் இருந்தாலும் சொல்லுங்கள், அம்மு தவிர.