அம்மாவின் கூறைப்புடவையை வெட்டலாமா?

கேள்வி:
அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவருடைய பீரோவை ஒழித்தபோது, 1979-இல் காஞ்சிபுரத்தில் எடுத்த அரக்கு நிறக் கூறைப்புடவையும், எனக்கு ஆறு வயதில் தைத்த பச்சைப் பட்டுப்பாவாடையும் ஒரே பையில் கிடைத்தன. வளரும் பிள்ளை என்பதால் பாவாடையின் அடியில் மூன்று டக் பிடித்துத் தைத்திருந்த அம்மா, ஒவ்வொரு தீபாவளிக்கு முன்பும் ஒன்றைப் பிளேடால் பிரித்து இறக்கிவிடுவார். இரண்டு பிரிந்தன, மூன்றாவதற்குள் இடுப்பு பற்றாமல் போய்விட்டது. பிரித்த இடங்களில் வெளுக்காத கரும்பச்சைப் பட்டைகள் இரண்டு இன்றும் தெரிகின்றன. புடவையோ மடிப்பு விழுந்த இடங்களில் நைந்து கிழிகிறது. அதை வெட்டி என் மகளுக்குப் பாவாடை தைக்கலாம் என்கிறார் கணவர். கத்திரியே படக்கூடாது என்கிறார் அக்கா. என்ன செய்யலாம்?

பதில் (காஞ்சிபுரம்):
எங்களுடையது நெசவுக் குடும்பம். முதலில் புடவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மடிப்பில்லாத இடத்திலும் இழை விலகியிருந்தால், அந்தப் பட்டு ஊசியைத் தாங்காது. உடலையும் கரையையும் வெவ்வேறு நாடாக்களில் (தறியில் குறுக்கு இழையை ஓட்டும் கட்டை) ஓட்டி, சேரும் இடத்தில் இழைகளைக் கோத்து நெய்த கோர்வைப் புடவையாக இருந்தால், உடல் நைந்த பிறகும் கரை கெட்டியாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பழைய பட்டை எடைக்கு வாங்க வருபவர்களிடம் மட்டும் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். ஜரிகையில் உள்ள வெள்ளிக்காகப் புடவையையே எரித்துவிடுவார்கள். வெட்டாமல் வைப்பதென்றால், துவைத்துக் காய்ந்த பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, பக்கத்தில் வசம்பை ஒரு துணியில் முடிந்து வையுங்கள். பாச்சை உருண்டை ஜரிகையில் பட்டால் கறுத்துப்போகும். பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிழலில் ஆறவிட்டு, மடிப்பை மாற்றிப் போடுங்கள்.

பதில் (திண்டுக்கல்):
பாட்டியின் பட்டுப்புடவையைத் தொடவே அஞ்சி இருபது ஆண்டுகள் அப்படியே வைத்திருந்தேன். பிரித்த அன்று மடிப்புதோறும் கீற்றுக்கீற்றாக வந்தது. அதே வீட்டில், அம்மாவின் சின்னாளப்பட்டிச் சுங்குடியைத் தூளியாகக் கட்டித்தான் என் இரண்டு பிள்ளைகளையும் தூங்கவைத்தேன். பிறகு அதையே இரண்டாக மடித்துத் தைத்துப் போர்வையாக்கினோம். பெரியவன் காய்ச்சல் வந்தால் இன்றும் அதைத்தான் கேட்கிறான். ஆகவே என் எண்ணம், புடவையைப் பயன்படுத்துங்கள் என்பதுதான். உங்கள் பாவாடையை மட்டும் வெட்டாதீர்கள். புடவைக்கு ஈடாக வேறொரு புடவை நினைவில் நிற்கலாம். உங்கள் உயரத்தை அம்மா அளந்து வைத்த துணி அது ஒன்றுதான்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். உடல் விரல் பட்டாலே விடுகிறது, கோர்வைக் கரை உறுதியாக இருக்கிறது. முந்தானையை முழுதாக எடுத்து வேட்டியில் சுற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டு, கரையைப் புதுப் பட்டில் வைத்து மகளுக்குப் பாவாடை தைக்க முடிவு செய்திருக்கிறோம். அக்காவும் சம்மதித்துவிட்டார். தையற்காரரிடம் மூன்று டக் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். என் பாவாடையின் மூன்றாவது டக்கைப் பிரிக்க மனம் வரவில்லை. தையலைச் சற்றே விலக்கி, உள்ளே மங்காமல் இருக்கும் பச்சையை மட்டும் மகளுக்குக் காட்டினேன்.