ஃபீட் தராத தளங்களிலிருந்து ஃபீட்: உடையும் இடங்களும் பொதி கட்டும் வழிகளும்

காலிவீதி:

திணைக்கள அறிவித்தல், பழைய மாணவர் சங்கம், கோயில் திருவிழாப் பக்கம் என்று ஃபீட் (புதிய பதிவுகளை வாசிப்புச் செயலிக்குக் கொடுக்கும் பட்டியல் ஃபைல்) இல்லாத தளங்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள் கொழும்பில் நிறையப் பேர். எந்த வகைத் தளம் எங்கே கழுத்தறுக்கிறது, எதைச் செய்தால் நின்றுபிடிக்கிறது, செய்ததை இன்னொருவர் மெஷினில் எப்படி ஏற்றுவது என்பதை இங்கே போடுங்கள். சொந்தக் கதை வேண்டாம், விபரம் போதும்.

நான் தொடங்குகிறேன். கீற முன், அதாவது பக்கத்திலிருந்து நிரலால் விபரத்தைப் பிடுங்கி எடுக்க முன், ஃபீட் இருக்கிறதா என்று தேடுங்கள். ஃபயர்பொக்ஸ் 64ஆம் பதிப்போடு, 2018 டிசம்பரில், ஃபீட் வசதியைத் தூக்கிவிட்டது. அதனால் ஃபீட் இருக்கும் தளத்தையும் பலர் இல்லை என்று நினைக்கிறார்கள். பக்கத்தின் மூலத்தைத் திறந்து, தலைப்பகுதியில் ‘ஆல்டர்நேட்’ என்று குறித்த லிங்க் இருக்கிறதா பாருங்கள். வேர்ட்பிரஸில் கட்டிய தளம் என்றால் முகவரியின் முடிவில் சரிவுக்கோடு போட்டு ஃபீட் என்று ஆங்கிலத்தில் சேர்த்தால் போதும். தனிப் பகுதிப் பக்கங்களுக்கும் இது வேலை செய்யும், ஆகவே முழுத் தளத்தையும் இழுக்கத் தேவையில்லை. ஆனால் வேர்ட்பிரஸ் வழமையாகக் கடைசி 10 பதிவுகளைத்தான் தரும். ஒரே மூச்சில் 20 அறிவித்தல் ஏற்றும் தளத்தை நாளுக்கு ஒரு தடவை பார்த்தால் 10 போய்விடும். யூடியூப் சனலுக்கும் ஃபீட் உண்டு, அது 15 தரும்.

அதுவும் இல்லையென்றால் தளவரைபட எக்ஸ்எம்எல் ஃபைலை (தளத்தின் பக்க முகவரிகளின் பட்டியல்) பாருங்கள். பிறகு பிரவுசரின் நெட்வேர்க் பலகையைத் திறந்துவைத்துப் பக்கத்தை மீள ஏற்றுங்கள். ஜாவாஸ்கிரிப்டால் கட்டிய பக்கம் பெரும்பாலும் பின்னால் ஜேசன் என்ற தரவு வடிவில் பதில் தரும் ஒரு முகவரியிலிருந்துதான் பட்டியலை வாங்குகிறது. அந்த முகவரி கிடைத்தால் எச்டிஎம்எல்லைத் தொடவே வேண்டாம், குரோமியம் பிரவுசரைத் தலையில்லாமல் (திரையில் காட்டாமல்) ஓடவிட்டு நினைவகத்தைத் தின்னக் கொடுக்கவும் வேண்டாம்.

எச்டிஎம்எல்லைக் கீறியே ஆகவேண்டும் என்றால், ‘மூன்றாவது பெட்டிக்குள் இரண்டாவது பெட்டி’ என்று எண்ணி இடம்பிடிக்காதீர்கள். மேலே ஒரு வாழ்த்துப் படம் போட்டாலே எண்ணிக்கை மாறிவிடும். லிங்க் முகவரியின் வடிவத்தைப் பிடியுங்கள். தளத்தின் முகம் மாறினாலும் முகவரி வடிவம் இலேசில் மாறாது.

நூலகப்பூனை:

தமிழ்த் தளங்களில் ஆகப் பெரிய தலையிடி ஒரே செய்தி இரண்டு மூன்று தடவை வருவது. ஃபீட் வாசிக்கும் செயலி ஒவ்வொரு பதிவையும் அதன் அடையாளத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. ஃபீட் வடிவம் ஆர்எஸ்எஸ் என்றால் அந்த அடையாளம் ஜியூஐடி, அட்டொம் என்றால் ஐடி. அந்தச் சரத்தில் ஓர் எழுத்து மாறினாலும் அது புதுச் செய்தி.

‘கொழும்பு’ என்ற சொல்லை எடுங்கள். முதலெழுத்தின் ‘ொ’ குறியை யுனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ‘ெ’, ‘ா’ என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. முதலாவதில் சொல் 8 குறிகள், இரண்டாவதில் 9. தலைப்பை ஹாஷ் செய்து (கணக்கிட்டு ஒரு குறுகிய சரமாக்கி) அடையாளமாக்கினால், அலுவலகத்தில் வேறொருவர் வேறு விசைப்பலகையில் தலைப்பைத் திருத்தின அன்று செய்தி மறுபடி வரும். ஹாஷ் செய்ய முன், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யுனிகோட் ஒழுங்குக்கு மாற்றுங்கள். பைதன் நிரல்மொழியின் யுனிகோட்டேட்டா நூலகத்தில் ஒரு வரி வேலை. ஆனால் ‘பௌத்த’ என்பதை ‘பெளத்த’ என்று ள போட்டு எழுதியிருந்தால் என்எஃப்சி காப்பாற்றாது. அது எழுத்துப்பிழை, யுனிகோடுக்கு அது வேறு சொல். அதனால்தான் தலைப்பை அடையாளமாக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். லிங்கை எடுங்கள், பதிவு இலக்கம் கிடைத்தால் இன்னும் நல்லது.

லிங்கிலும் ஒரு பொறி உண்டு. தமிழ் எழுத்துக்குறி ஒன்று யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 3 பைட், லிங்கில் போல ஒவ்வொரு பைட்டையும் சதவீதக் குறியோடு எழுதினால் 9 எழுத்து. ‘கொழும்பு’ மட்டும் 72 எழுத்து நீளம். வேர்ட்பிரஸ் லிங்கின் தலைப்புப் பகுதியை 200 எழுத்தில் வெட்டும், அதாவது 22 குறிகளுக்கு மேல் நிற்காது. ‘கொழும்பு மாவட்டத்தில்’ என்று தொடங்கும் எல்லா அறிவித்தலும் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டு, மிஞ்சிய பகுதி ஒத்துப்போனால் கடைசியில் 2, 3 என்று இலக்கம் ஒட்டிக்கொண்டு வரும். லிங்கைப் பார்த்து விஷயத்தை ஊகிக்க முடியாது. போதாக்குறைக்கு வேர்ட்பிரஸ் சதவீதக் குறிகளைச் சிறிய ஆங்கில எழுத்தில் எழுதும், பைதன் பெரிய எழுத்தில் எழுதும். பொருள் ஒன்று, சரம் இரண்டு. சதவீதக் குறிகளை எல்லாம் பெரிய எழுத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். அடையாளம் லிங்க் இல்லையென்றால் ஜியூஐடியில் ‘பெர்மாலிங்க் (நிலையான லிங்க்) அல்ல’ என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் வாசிக்கும் செயலி லிங்க் என்றே எடுத்துக்கொள்ளும்.

தெகிவளைச்சந்தி:

பாமினியை மறந்துவிட்டீர்களே பூனை அக்கா. பழைய தளங்களும், பிடிஎஃப்களும் இன்னும் ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் காட்டும் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. கீறி எடுத்தால் வருவது ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும்தான். பாமினியில் அரைப்புள்ளிதான் மெய்யின் புள்ளி. எழுத்துருவை விட்டுப் பிரித்தால் ஃபீட் முழுக்கக் குப்பை.

மாற்றும்போது நீளமான சேர்க்கையை முதலில் மாற்றுங்கள். ‘கொ’ என்பது பாமினியில் மூன்று விசை, கொம்பு முன்னால், கால் பின்னால். தனி ‘க’ வை முதலில் மாற்றினால் கொம்பு அனாதையாக முன்னால் நிற்கும். யுனிகோடில் கொம்பு க வுக்குப் பிறகுதான் வரவேண்டும். ஒழுங்கு: மூன்று விசைச் சேர்க்கை, பிறகு இரண்டு, பிறகு தனி எழுத்து, கடைசியில் என்எஃப்சி. பக்கத்தில் எந்தப் பகுதி பாமினி என்பதை எழுத்துருப் பெயரை வைத்துப் பிடியுங்கள். முழுப் பக்கத்தையும் மாற்றியில் போட்டால் நல்ல ஆங்கிலச் சொற்களும் தமிழ்க் கூழாகிவிடும்.

கொட்டாஞ்சேனை13:

திகதி. 03/04/2024 என்றால் இங்கே ஏப்ரல் 3. பெரும்பாலான நூலகங்கள் அதை மார்ச் 4 என்று ஊகிக்கும். ஊகிக்க விடாதீர்கள், வடிவத்தை நீங்களே கொடுங்கள்.

நேரம் இல்லாமல் நாள் மட்டும் போடும் பக்கங்களுக்கு நள்ளிரவு போட்டால், வேறு நேர வலயத்தில் இருக்கிறவருக்கு முதல் நாள் என்று காட்டும். நண்பகல் போடுங்கள். திகதியே இல்லாவிட்டால் முதலில் கண்ட நேரத்தைச் சேமித்து அதையே எப்போதும் கொடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் ‘இப்போது’ என்று போட்டால் பழைய செய்தியெல்லாம் ஒவ்வொரு மணிக்கும் மேலே ஏறும்.

நேர வித்தியாசத்தை +05:30 என்று கையால் எழுதாதீர்கள், ஏசியா/கொழும்பு வலயத்தைப் பாவியுங்கள். இலங்கை 1996 மே மாதம் +06:30க்கும், அதே வருடம் ஒக்டோபரில் +06:00க்கும் போய், 2006 ஏப்ரலில்தான் +05:30க்குத் திரும்பியது. பழைய ஆவணப் பக்கங்களை ஃபீட் ஆக்கினால் அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ பிசகும். இன்னொன்று, ஆர்எஸ்எஸ் திகதியில் கிழமையும் மாதமும் ஆங்கிலச் சுருக்கத்தில்தான் இருக்கவேண்டும். மொழி அமைப்பைத் தமிழுக்கு மாற்றிய நிரல் ‘திங்’ என்று எழுதிவைக்கும், வாசிப்பான் அந்தத் திகதியை விட்டெறியும். அட்டொம் கிழமை, மாதப் பெயர் இல்லாமல் இலக்கத்தில் எழுதுகிறது, எனக்கு அதுவே பிடிக்கும்.

காலிவீதி:

தளத்தின் எச்டிடிபிஎஸ் சான்றிதழ் விஷயம் ஒன்று. பிரவுசரில் திறக்கும், ஸ்கிரிப்டில் சான்றிதழ்ப் பிழை காட்டும் தளம் என்றால், சேர்வர் தன் சான்றிதழை மட்டும் அனுப்பிவிட்டு இடைநிலைச் சான்றிதழை அனுப்பவில்லை என்று அனேகமாகச் சொல்லலாம். பிரவுசர் அதைத் தானே தேடி எடுக்கும், பைதன் தேடாது. சரிபார்ப்பை நிறுத்திவிடுவது சோம்பேறி மருந்து. அந்த இடைநிலைச் சான்றிதழை இறக்கி, நம்பிக்கைப் பட்டியல் ஃபைலின் கீழே ஒட்டுங்கள்.

பட்டியல் வெறுமையாக வந்தால் வெறும் ஃபீட் எழுதாதீர்கள். ‘திருத்த வேலை நடக்கிறது’ என்ற பக்கமும் 200 என்ற வெற்றிக் குறியோடு வரும். பழைய ஃபைலை அப்படியே விடுங்கள். மூன்று ஓட்டம் தொடர்ந்து வெறுமை என்றால், ‘விதி உடைந்துவிட்டது’ என்று ஒரு பதிவை ஃபீட்டிலேயே போடுங்கள். ஆனால் ‘ஐந்து நாளாகப் புதிது இல்லை’ என்பதைப் பிழையாக எடுக்க வேண்டாம். சித்திரைப் புத்தாண்டோடு சனி ஞாயிறும் சேர்ந்தால் அரசாங்கத் தளம் அவ்வளவு நாள் உறங்கும்.

கொழும்பு6:

கேட்கும் இடைவெளி மணிக்கு ஒன்று தாராளம். சேர்வர் ஈடேக் (பக்கத்தின் பதிப்பு அடையாளம்) தந்தால் அடுத்த தடவை திருப்பிக் கொடுங்கள், மாறாதபோது ‘மாறவில்லை’ என்ற 304 மட்டும் வரும், டேட்டா மிச்சம். ‘அளவுக்கு மீறிக் கேட்கிறாய்’ என்ற 429 வந்தால் சேர்வர் சொல்லும் நேரம் காத்திருங்கள்.

நிரல் களஞ்சியத் தளமான கிட்ஹப்பில் இலவசமாக ஓடவிடுகிறவர்களுக்கு: எப்போது ஓடவேண்டும் என்று சொல்லும் குரோன் வரி யூடிசி (உலகப் பொது) நேரம், எங்கள் காலை 6:00 அங்கே 00:30. பொதுக் களஞ்சியத்தில் 60 நாள் அசைவு இல்லாவிட்டால் அட்டவணையைத் தானே நிறுத்திவிடும். அந்த மெஷின்கள் வெளிநாட்டில் இருப்பதால் சில உள்ளூர்த் தளங்கள் 403 (அனுமதி இல்லை) என்று கதவைச் சாத்தும். அதற்கு வீட்டு ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிதான் கதி. லினக்ஸின் சிஸ்டம்டி டைமரில் ‘பெர்சிஸ்டன்ட்’ என்பதைப் போடுங்கள். மின்வெட்டில் தவறின ஓட்டம் கரண்ட் வந்ததும் நடக்கும். குரோனில் அந்த வசதி இல்லை.

இனி என் கேள்வி. எல்லாவற்றையும் டொக்கரில் (நிரலையும் அதற்கு வேண்டியதையும் ஒரே படிமமாகக் கட்டும் வழி) போட்டுக் கொடுத்தால் என்ன?

நூலகப்பூனை:

200 வரி ஸ்கிரிப்டுக்கு டொக்கரா? பைதனின் முழுப் படிமம் ஏறக்குறைய 1 ஜிபி. ஸ்லிம் எடுத்தாலும் 100 எம்பிக்கு மேல். அல்பைன் லினக்ஸ் படிமம் சிறியதுதான், ஆனால் அதன் அடிப்படை சி நூலகம் வழமையான ஜிலிப்சி அல்ல, மசல். அதற்கென்று கட்டிய வீல் (தயாராகத் தொகுத்த பைதன் பொதி) இல்லாத நூலகம் ஒன்று மாட்டினால் அங்கேயே தொகுக்கத் தொடங்கும். வெளியே எழுதும் ஃபைல் ரூட் (நிர்வாகி) பெயரில் கிடக்கும், பாவனையாளர் இலக்கத்தைக் கொடுக்காவிட்டால் அழிக்கவும் முடியாது. ஏற்கெனவே டொக்கர் ஓடும் சேர்வருக்கு மட்டும் சரி.

வெறும் ஸ்கிரிப்டாகக் கொடுத்தால் டெபியன் 12 லினக்ஸ், பைதன் நூலகங்களைப் பிப் நிறுவியால் நேரே நிறுவ விடாது, ‘வெளியாரால் நிர்வகிக்கப்படும் சூழல்’ என்று நிற்கும். தடையை உடைக்கும் சுவிட்சைப் போடாதீர்கள், நூலகங்களைத் தனிச் சூழலில் நிறுவும் பிப்எக்ஸ் அல்லது யூவி பாவியுங்கள். யூவிக்கு ஸ்கிரிப்டின் தலையிலேயே தேவையான நூலகங்களை எழுதலாம், ஒரே ஃபைல் போதும். பைதன் நிரலை ஒரே ஸிப் ஆக்கும் ஸிப்அப் வடிவமும் உண்டு, ஆனால் ஸிப்புக்குள் இருந்து சி மொழியில் எழுதிய பகுதிகளை ஏற்ற முடியாது. அதனால் எல்எக்ஸ்எம்எல் பாகுபடுத்தியைக் கழற்றிவிட்டுப் பைதனின் சொந்த எச்டிஎம்எல் பாகுபடுத்தியோடு பியூட்டிஃபுல்சூப்பைப் பாவிக்கவேண்டும்.

கொட்டாஞ்சேனை13:

விண்டோஸ் மடிகணினி மட்டும் வைத்திருக்கும் சங்கச் செயலாளருக்கு யூவி விளங்காது அக்கா. அவருக்கு ஒரு ஃபைல், இரண்டு தட்டு. பைதன் நிரலைத் தனிச் செயலியாக்கும் பைஇன்ஸ்டோலரின் ஒற்றை ஃபைல் ஒவ்வொரு முறையும் தற்காலிகக் கோப்புறையில் தன்னைப் பிரித்துக்கொண்டுதான் தொடங்கும், வைரஸ் காவலர் அடிக்கடி சந்தேகப்படுவார். லினக்ஸிலும் உபுண்டு 24.04இல் கட்டினதை டெபியன் 11இல் ஓடவிட முடியாது, ஜிலிப்சி பதிப்பு 2.39க்கும் 2.31க்கும் இடையில் அடிபடும். ஆகப் பழைய மெஷினில் கட்டுங்கள்.

என் தெரிவு கோ நிரல்மொழி. சிகோவை (சி நூலகங்களோடு இணைக்கும் வசதி) நிறுத்திக் கட்டினால் தனி பைனரி (நேரே ஓடும் ஒற்றை ஃபைல்), ஒரே மெஷினிலிருந்து விண்டோஸுக்கும் ராஸ்பெரி பைக்கும் கட்டலாம். மறக்கக்கூடாதது நேரவலயத் தரவு. விண்டோஸில் அந்தத் தரவுத்தளம் இல்லை, ஏசியா/கொழும்பு என்றதும் விழுந்துவிடும். கோவின் நேரவலயப் பொதியான டைம் டிஸட்டேட்டாவை உள்ளே சேர்த்தால் சுமார் 450 கேபி கூடும், பிரச்சினை முடிந்தது. பைதனிலும் இதே கோளாறு, விண்டோஸில் டிஸட்டேட்டா பொதியைத் தனியே நிறுவவேண்டும். கோ பைனரியை வெறுமையான டொக்கர் படிமத்தில் வைத்தால் சான்றிதழ்ப் பட்டியலும் இருக்காது, எல்லா எச்டிடிபிஎஸ் அழைப்பும் தோற்கும். அதையும் நகலெடுங்கள்.

தெகிவளைச்சந்தி:

தமிழ்ச் சங்கங்கள் பெரும்பாலும் சீபனல் (தள நிர்வாகப் பலகை) வைத்த மலிவு ஹோஸ்டிங்கில் இருக்கின்றன. அங்கே டொக்கரும் இல்லை, பைனரியும் ஓடாது. பிஎச்பி நிரல்மொழி உண்டு, குரோன் உண்டு. ஒரு பிஎச்பி ஃபைலை ஏற்றினால் நிறுவல் முடிந்தது. ஃபீட் இல்லாத தளத்துக்கு ஃபீட் செய்யும் ஆர்எஸ்எஸ்-பிரிட்ஜ் ஒரு தளத்துக்கு ஒரு பிஎச்பி ஃபைல் என்ற வழியில்தான் போகிறது. ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ் என்ற ஃபீட் வாசிப்பானைப் பாவிக்கிறவருக்கு நிரலே வேண்டாம், எக்ஸ்பாத்தை (பக்கத்தில் இடத்தைச் சுட்டும் வரி) அமைப்பில் எழுதினால் அதுவே கீறிக்கொள்ளும்.

காலிவீதி:

மூவரும் நிரலைப் பற்றியே சண்டை பிடிக்கிறீர்கள். வருடத்தில் பலமுறை மாறப்போவது நிரல் இல்லை, தளத்துக்கான விதி. அதை பைனரிக்குள் புதைத்தால் ஒரு லிங்க் மாற்றத்துக்கு முழுப் பொதியையும் திரும்ப அனுப்பவேண்டும். விதியைத் தனி எழுத்து ஃபைலாக வெளியே வையுங்கள். ஏழு வரி போதும்:

பக்கம்: பட்டியல் முகவரி
லிங்க்: எந்த வடிவத்தில் தொடங்கும்
தலைப்பு: லிங்கின் எழுத்து
திகதி: நாள்/மாதம்/ஆண்டு
வலயம்: ஏசியா/கொழும்பு
எழுத்துரு: யுனிகோட் அல்லது பாமினி
ஆகக்குறைந்த எண்ணிக்கை: 5

செயலாளருக்கு வாட்ஸ்அப்பில் புதிய விதி ஃபைலை அனுப்பலாம். இப்படிப் பிரித்தால் கோ மொழியா பிஎச்பியா என்பது பெறுகிறவரின் மெஷினைப் பார்த்து முடிவுசெய்யும் சின்ன விஷயம்.

கொழும்பு6:

அந்த ஃபைலை நோட்பேடில் திருத்திச் சேமிக்கும்போது தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பொம் குறி ஒட்டலாம், முதல் வரியின் ‘பக்கம்’ அடையாளம் தெரியாமல் போகும். வாசிக்கும்போது அதைக் கழற்றுங்கள். ஃபீட்டை எழுதும்போது அதே கோப்புறையில் தற்காலிக ஃபைலில் எழுதிவிட்டுப் பெயர் மாற்றுங்கள், இல்லாவிட்டால் வாசிப்பான் அரைகுறை எக்ஸ்எம்எல்லை எடுத்துப்போகும். கொடுக்க முன் அடுத்தடுத்து இரண்டு தடவை ஓடவிடுங்கள். தளம் மாறாதிருக்க இரண்டாவது ஓட்டத்தில் ஒரு பதிவு புதிதாக வந்தாலும் பூனை அக்கா சொன்ன அடையாளப் பகுதிக்குத் திரும்பிப் போகவேண்டும்.