ஏரிக்கு மேலே முகட்டு நடை: கைடு வேண்டுமா, போனில் இருக்கும் ட்ராக் போதுமா?

ஏரிக்கரை:
ஏழு பேர் போகிறோம். இரண்டு பேருக்கு மலை புதிது. ஏரிக்கரையில் ஆரம்பித்து ஏறி, முகட்டின் மேலேயே நடந்து, மறுமுனையில் இறங்குவது திட்டம். 11 கி.மீ., ஏற்றம் எல்லாம் கூட்டினால் 900 மீ. ஆறாவது கிலோமீட்டரில் 300 மீட்டர் நீளத்துக்கு முகடு ஒடுங்குகிறது. சில இடங்களில் ஓர் ஆள் நிற்கும் அகலம்தான். ஒரு பக்கம் நேர் கீழே ஏரி. குழுவில் பாதிப் பேர் "ட்ராக் (ஏற்கெனவே நடந்தவர் ஜிபிஎஸ்ஸில் பதிவு செய்த வழி) இறக்கியாச்சு, கைடு எதுக்கு?" என்கிறார்கள். மீதிப் பேர் கைடு வேண்டும், அவர் எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டிக் கூட்டிப் போக வேண்டும் என்கிறார்கள். பனி இல்லாத பருவம். எது சரி?

தடம்பிடி:
கைடு தண்டம். முகட்டில் வழி தவற நினைத்தாலும் முடியாது. இரண்டு பக்கமும் சரிவு, நடுவில் நீங்கள், எங்கே போய்விடப் போகிறீர்கள்? காட்டுக்குள்ளும் குறுகிய பள்ளத்தாக்கிலும் ஜிபிஎஸ் தடுமாறும். முகட்டில் வானம் முழுக்கத் திறந்து கிடப்பதால் சாதாரண போனே 5 மீட்டர் துல்லியத்தில் இடம் காட்டும். ஆஃப்லைன் மேப்பை இரண்டு போனில் ஏற்றுங்கள், ஃப்ளைட் மோடில் போடுங்கள், ஒரு பவர்பேங்க் எடுத்துக்கொள்ளுங்கள். கைடு என்று வருகிறவர்களில் பாதிப் பேர் விறுவிறுவென்று முன்னால் போய்ப் பாறையில் உட்கார்ந்து போன் நோண்டுகிறவர்கள்தான்.

சரிவுக்கோடு:
கடைசி வரி உண்மை. மற்றது பாதி உண்மை.

ஏறும்போது முகட்டில் வழி தவறாது, ஏனென்றால் கிளை முகடுகள் எல்லாம் மேலே போகப் போக ஒன்றில் வந்து சேரும். இறங்கும்போது அதுவே தலைகீழ். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். மேகம் மூடியிருந்தால் பிரிவு இருப்பதே தெரியாது. எந்தப் பக்கம் சுலபமோ அந்தப் பக்கம் கால் தானாக இழுக்கும். 200 மீட்டர் இறங்கிய பிறகுதான் போனை எடுத்துப் பார்ப்பீர்கள். பிரிகிற இடத்தில் நின்று, திசைகாட்டியில் பார்த்து, "இனி வடகிழக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு நகர வேண்டும்.

அந்த 5 மீட்டருக்கு வருவோம். உங்கள் போனில் 5 மீட்டர் பிழை, ட்ராக்கைப் பதிவு செய்தவர் போனிலும் 5 மீட்டர் பிழை. முகடோ 2 மீட்டர் அகலம். நீங்கள் பாறை மேல் சரியாக நிற்கும்போதே திரையில் கோடு ஏரிப் பக்கம் அந்தரத்தில் தொங்கும். ஒடுங்கிய இடத்தில் கண்ணும் காலும்தான் கணக்கு.

முகட்டை விட எனக்குப் பயம் அந்த ஏரி மேல்தான். மதியத்துக்கு மேல் எல்லோரும் களைத்திருக்கும் நேரத்தில் அது நேர் கீழே பளபளக்கும், கரையில் நிறுத்திய வண்டிகூடத் தெரியும். "சுத்திப் போவானேன், இப்படியே இறங்கிடலாமே" என்று ஒருத்தர் ஆரம்பிப்பார். மேலே புல்சரிவு மெத்தென்று இருக்கும். ஆனால் அது குவிந்த சரிவு. இறங்க இறங்கச் செங்குத்தாகும். நடுவிலிருக்கும் வளைவு கீழ்ப்பகுதியை மறைத்துவிடும். உங்கள் கண்ணுக்கு முதல் 80 மீட்டர் புல் தெரியும், அது முடிகிற விளிம்பை ஒட்டினாற்போலத் தண்ணீர் தெரியும். இடையிலிருக்கும் பாறைச்சுவர் கண்ணில் படவே படாது. புல் விளிம்பும் தண்ணீரும் ஒட்டித் தெரிந்தால் திரும்பி ஏறிவிடுங்கள். வரைபடத்தில் முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம்: சமவுயரக் கோடுகள் (ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) மேலே விலகியும் கீழே நெருங்கியும் இருந்தால் அது இந்த வகை.

தடம்பிடி:
நீங்கள் சொன்னது அத்தனையும் வரைபடம் வாசிக்கும் கலை. அதைக் கற்றுக்கொள்ளக் காரணம் சொன்னீர்களே தவிர, கைடு வைக்கக் காரணம் சொல்லவில்லை. சமவுயரக் கோடு ஒரு வாரத்தில் பிடிபடும்.

சரிவுக்கோடு:
மேஜை மேல் ஒரு வாரத்தில் பிடிபடும். 20 மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மேகத்தில், பின்னால் ஆறு பேர் "என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டு நிற்கும்போது பிடிபட எவ்வளவு நாள் ஆகும்? ஏழு பேரில் அப்படி ஒருவர் இருந்தால் கைடு வேண்டாம், அவரே கைடு. இல்லையென்றால் வையுங்கள்.

கவனம்:
வழியை விடுங்கள். விழுந்தால்? புதியவர்கள் இரண்டு பேர் இருக்கும்போது ஏழு பேரையும் ஒரே கயிற்றில் கட்டுவதில் என்ன தப்பு? ஒருவர் வழுக்கினால் ஆறு பேர் பிடிப்பார்களே.

முடிச்சு:
பிடிக்க மாட்டார்கள். ஆறு பேரும் சேர்ந்து போவார்கள்.

பாறையிலோ மரத்திலோ நங்கூரம் போடாத கயிறு ஆளை நிறுத்தாது, அடுத்த ஆளை இழுக்கும். வழுக்கினவர் ஒன்றிரண்டு மீட்டர் சரிந்த பிறகுதான் கயிறு விறைக்கும். அதற்குள் அவருக்கு வேகம் வந்துவிடும். நடந்துகொண்டிருக்கும் இரண்டாம் ஆள் ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் இடுப்பில் வெடுக்கென்று இழுப்பு விழும். அவர் விழுந்தால் மூன்றாம் ஆளுக்கு இரண்டு பேர் எடை.

தேர்ந்த மலையேற்ற கைடுகள் குறுங்கயிறு போடுவது உண்மைதான். அது ஒருவரோ இருவரோ மட்டும், இடைவெளி ஓரிரு மீட்டர், கயிறு எப்போதும் விறைப்பாக, வழுக்கல் விழுகையாக மாறுவதற்கு முன்பே தடுப்பதற்காக. முகட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கயிற்றை விட்டுக்கொண்டே போவார்கள். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஏழு பேருக்கு அது நடக்காது.

இன்னொன்று: மலைநடைத் தலைவர் வேறு, மலையேற்ற கைடு வேறு. 2004-இல் தொடங்கிய யுஐஎம்எல்ஏ என்ற பன்னாட்டு அமைப்பின் சான்று முதல் வகைக்கு. கயிறு போட்டுத்தான் போக முடியும் என்ற நிலப்பரப்பு அவர்கள் வரம்பிலேயே இல்லை. மலையேற்ற கைடுகளின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஐஎஃப்எம்ஜிஏவின் சான்று இரண்டாம் வகைக்கு. கயிறு கட்டாயம் என்று நினைத்தால் இரண்டாம் வகை ஆளைத் தேடுங்கள், ஆள் எண்ணிக்கையைக் குறையுங்கள். முதல் வகை ஆளை வைத்துக்கொண்டு "கயிறு கட்டுங்க சார்" என்று கெஞ்சாதீர்கள். அவர் சரி என்று தலையாட்டினால் அவரையே மாற்றுங்கள்.

கவனம்:
அப்போ கயிறே எடுக்க வேண்டாமா?

முடிச்சு:
ஒன்று எடுக்கலாம், 30 மீட்டர், அவசரத்துக்கு. ஒருவர் பயந்து உறைந்துபோனாலோ, ஒரே ஒரு பாறைப்படியில் கால் எட்டாமல் போனாலோ, உறுதியான பாறையில் நங்கூரமிட்டு அந்த ஒரு ஆளை அந்த ஒரு இடத்தில் கடத்திவிட. பாறையை முதலில் உதைத்துப் பார்க்க வேண்டும். தட்டும்போது பொள்ளென்று சத்தம் வந்தால் அதை நம்பக் கூடாது.

மற்றபடி கயிறு இல்லாமல் கைடு செய்யும் வேலைதான் அதிகம். பாறைப்படியில் அவர் முதலில் இறங்கி அங்கேயே நின்று, "இடது கால் அந்த வெடிப்பில், இன்னும் நாலு விரல் கீழே" என்று ஒவ்வொருவருக்கும் சொல்வார். படியில் ஒரு நேரம் ஓர் ஆள். கல் உருண்டால் படுகிற இடத்தில் மற்றவர் யாரும் நிற்கக் கூடாது. புதியவர்கள் கைடுக்கு அடுத்தபடி, உங்களில் பழகியவர் கடைசியில். கைத்தடிகளை மடக்கிப் பைக்குள் வைத்துவிட வேண்டும், கை இரண்டும் பாறைக்கு வேண்டும். பைக்கு வெளியே சுருட்டிக் கட்டிய பாயும் வேண்டாம், பாறையில் இடித்து ஆளைத் தள்ளும்.

சரிவுக்கோடு:
இதோடு ஒன்று. ஒடுங்கிய பகுதியில் முகட்டுக்குச் சற்றுக் கீழே, ஏரிப் பக்கமாக, ஒரு ஒற்றையடித் தடம் பல மலைகளில் இருக்கும். பயந்தவர்கள் நடந்து நடந்து உண்டானது. பார்க்கச் சுலபம் மாதிரி இருக்கும். ஆனால் உச்சியில் இருப்பது மழை கழுவிய கெட்டிப் பாறை. கீழே இருப்பது சரளையும் ஈரப்புல்லும். இந்தத் தடம் கொஞ்ச தூரம் போய்ச் சும்மா நின்றுவிடும். புதியவர்கள் பயத்தில் தானாகக் கீழே ஒதுங்குவார்கள். அவர்களை உச்சியிலேயே வைத்திருப்பது பாதி வேலை.

ஏரிக்கரை:
நன்றி. காலை 9 மணிக்குக் கிளம்பினால் போதுமா?

நெடுநடை:
போதாது. ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: 5 கி.மீ.க்கு ஒரு மணி, 600 மீ. ஏற்றத்துக்கு இன்னொரு மணி. உங்களுக்கு 11 கி.மீ. என்றால் 2 மணி 12 நிமிடம், 900 மீ. ஏற்றத்துக்கு 1 மணி 30 நிமிடம். செங்குத்து இறக்கத்துக்கு 300 மீட்டருக்கு 10 நிமிடம் கூட்டுவது வழக்கம், இறக்கமும் 900 மீ. என்று வைத்தால் அரை மணி. ஆக 4 மணி 12 நிமிடம். புதியவர்களுக்காக மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் 5:36. ஏழு பேரும் ஒவ்வொருவராக ஒடுங்கிய இடத்தைக் கடக்கக் கூடுதலாக முக்கால் மணி, ஓய்வு முக்கால் மணி. ஏழு மணி நேரம் என்று வையுங்கள்.

9 மணிக்குக் கிளம்பினால் ஒடுங்கிய பகுதிக்கு ஏறக்குறைய 12:45. இடி மேகம் திரள்கிற நேரம் அதுதான். 6 மணிக்குக் கிளம்பினால் 9:45.

தடம்பிடி:
ஏழு மணி நேரம் எல்லாம் ஊதிப் பெருக்கியது. கால் பலம் உள்ளவர்கள் ஐந்தில் முடிப்பார்கள்.

நெடுநடை:
கால் பலம் உள்ள ஐந்து பேர் முடிப்பார்கள், மற்ற இருவர்? குழுவின் வேகம் கடைசி ஆளின் வேகம். அது போக, அந்த 900 மீட்டரே குறைவாகத்தான் இருக்கும். சமவுயரக் கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் உயரம் உள்ள வரைபடத்தில், 8 மீட்டர் ஏறி 8 மீட்டர் இறங்கும் மேடு கண்ணில் படாமலே போகலாம். முகட்டில் அப்படி இருபது மேடு இருந்தால் 160 மீட்டர் ஏற்றம் கணக்கில் வராமல் போச்சு.

தடம்பிடி:
அந்த மேட்டுக் கணக்கு சரிதான், ஒத்துக்கொள்கிறேன். இடிக்கு என்ன செய்யச் சொல்வார் உங்கள் கைடு? அவர் என்ன மின்னலைப் பிடித்து வைப்பாரா?

நெடுநடை:
நேரத்தில் திரும்பச் சொல்வார். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 3 விநாடி என்றால் 1 கி.மீ. தூரம். 30 விநாடிக்குள் வந்தாலே, அதாவது 10 கி.மீ.க்குள் என்றாலே, முகட்டை விட்டு இறங்க வேண்டும். எங்கே இறங்குவது என்பதுதான் கேள்வி. ஒடுங்கிய பகுதிக்கு நடுவில் இறங்க வழியே கிடையாது. அதனால் அதற்கு முன்னாலிருக்கும் கடைசிச் சேணத்தில் (இரண்டு உச்சிகளுக்கு நடுவே முகடு தாழும் இடம்) நின்று வானத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். அங்கிருந்து ஏரிக்கு எதிர்ப்பக்கம் இறங்கப் பாதை உண்டா என்று வரைபடத்தில் முந்தின நாளே குறித்திருக்க வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை மேலே திரும்பக் கூடாது.

காற்றும் அங்கேதான் தெரியும். சேணம் காற்றுக்குப் புனல் மாதிரி. வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நாலு மடங்கு. சேணத்திலேயே நிமிர்ந்து நிற்க முடியாவிட்டால் ஒடுங்கிய பகுதிக்குள் போகாதீர்கள்.

சரிவுக்கோடு:
ஏரிக்கரை, கைடிடம் பேசும்போது இதைக் கேளுங்கள்: "எத்தனை மணிக்குத் திரும்புவீங்க? எந்த இடத்தில்?" மணியும் இடமும் சொன்னால் நல்ல ஆள். "பார்த்துக்கலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்றால் வேறு ஆளைப் பாருங்கள். தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள், முகட்டில் ஊற்று இருக்காது. ஆளுக்கொரு விசில்: நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. பதிலுக்கு மூன்று ஊதல் கேட்டால் ஆள் வருகிறார்கள் என்று பொருள்.

தடம்பிடி:
கைடு வைத்தாலும் ட்ராக்கை அழிக்காதீர்கள். கைடு கால் பிசகி உட்கார்ந்துவிட்டால் மற்ற ஏழு பேருக்கும் போகும் வழி தெரியாது. அதை யாரும் பேசவே இல்லை.

முடிச்சு:
நியாயம். சேணத்தில் நிற்கும்போது கைடே வரைபடத்தில் விரல் வைத்து "நாம இங்கே, இறங்கும் வழி இது" என்று உங்களில் இரண்டு பேருக்காவது காட்டட்டும். காட்டாவிட்டால் நீங்களே கேளுங்கள்.