பிஜின்-கா: 'அழகியர் ஓவியம்' போதுமா?

அன்புடையீர், வணக்கம். கவின்கலை மாணவர்களுக்கான பாடக்குறிப்பு திங்களன்று அச்சுக்குப் போகிறது. ஜப்பானிய ஓவியர் கிதகாவா உதாமாரோ முதலியோர் நகரத்துப் பெண்களை, கோடையில் கொசுவலைக்குள்ளும் மெல்லாடையிலும் தீட்டிய 'பிஜின்-கா' வகைக்கு 'அழகியர் மரச்செதுக்கோவியம்' என்று எழுதியுள்ளேன். சுருக்கமான சொல் தேவை.

---

ஐயா, நீளம் கிடக்கட்டும், பொருளே பிசகுகிறது. 'பிஜின்' அழகிய ஆள், 'கா' படம். மரம் அதில் எங்கே இருக்கிறது? உதாமாரோ தூரிகையால் நேரடியாகத் தீட்டிய அழகியரும் பிஜின்-காவே. 'செதுக்கு' என்றால் வரைந்தவரே செதுக்கினார் என்று மாணவர் எண்ணுவர்; வரைபவர், செதுக்குபவர், அச்சிடுபவர், முதல் போடும் பதிப்பாளர் என அது நால்வர் தொழில். கொசுவலையையே பாருங்கள்: நெடுக்குக் கோடுகளை ஒரு கட்டையிலும் குறுக்குக் கோடுகளை மற்றொன்றிலும் செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒற்றுவார்கள், கட்டையின் ஓரத்தில் வெட்டிய 'கெந்தோ' அடையாளத்தில் தாள் சரியாக அமராவிட்டால் வலை கலைந்துவிடும். என் பரிந்துரை 'அணங்கோவியம்'; அணங்கு என்றால் மயக்கும் அழகுடைய தெய்வப்பெண். "அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ" என்ற குறளுக்கு மேல் சான்று வேண்டுமா?

---

வேண்டும் அம்மா. "அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே" என்று தொல்காப்பியர் அணங்கை அச்சத்தின் நிலைக்களன்களில் முதலாவதாக வைத்தார். உதாமாரோ வரைந்த தகாஷிமா ஒஹிஸா தேநீர்க்கடைப் பெண். அவளைக் கண்டு யார் நடுங்கினார்கள்? 'எழிலியர் ஓவியம்' என்று தனிமடலில் எழுதிய நண்பருக்கும் ஒரு சொல்: எழிலி என்றால் மேகம். மற்றபடி, உள்ளுடல் தெரியும் 'ரோ' துணிக்குப் பெரும்பாணாற்றுப்படையின் "ஆவி அன்ன அவிர்நூல் கலிங்கம்" இருக்க, பாடக்குறிப்பில் 'சல்லாத்துணி' என்று எழுதியிருப்பது எனக்கு உறுத்துகிறது.

---

சல்லாத்துணி இருக்கட்டும் ஐயா. கலிங்கம் என்றால் மாணவர் ஒடிசாவுக்குப் போய்விடுவார்கள். 'ஹைக்கூ'வை ஏற்ற நாம் 'பிஜின்-கா'வையும் அப்படியே ஏற்கலாம் என்பதே என் கருத்து.

---

அனைவருக்கும் நன்றி. வகையின் பெயர் 'அழகியர் ஓவியம்', முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் 'பிஜின்-கா'. செய்முறை 'மரக்கட்டை அச்சு' என்று தனியே நிற்கும். பிற்கால ஜப்பானிய ஓவியர் ஹாஷிகுச்சி கோயோ 1920இல் வெளியிட்ட கோடையாடைப் பெண்ணின் படத்துக்கும், அச்சேறாத பட்டோவியங்களுக்கும் இதே சொல் பொருந்துகிறது என்பதால் பெரும்பாலோர் இசைந்துள்ளனர்.

---

நான் இசையவில்லை என்பதைப் பதிவு செய்க. 'அழகியர் ஓவியம்' என்றால் ரவிவர்மா படமும் அதற்குள் வந்துவிடும். ஜப்பானிய வகை ஒன்றின் பெயர் என்பதை அச்சொல்லின் எந்த எழுத்து காட்டுகிறது? அடுத்த பதிப்புக்குள் 'அணங்கோவிய'த்துக்கு வேறு சான்றுகளுடன் வருகிறேன்.